ஏட்டைப் படியெடுத்த கையில் வாள்: அமிர்தசரஸிலிருந்து தம்தமா சாஹிப் வரை

அமிர்தசரஸ் போகிறவர்களில் பாதிப் பேர் பொற்கோயிலின் தங்கத் தகட்டைப் பார்த்து, லங்கர் என்ற பொதுச் சமையற்கூடத்தில் சாப்பிட்டு, சாயங்காலம் வாகா எல்லைக்கு வண்டி பிடித்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க முடிந்தால் அந்தக் குளத்தைச் சுற்றியிருக்கும் பளிங்குப் பாதையில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். ஓரிடத்தில் நடந்துபோகிறவர்கள் எல்லாம் நின்று, தரையைத் தொட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டு போவார்கள். சிலர் பூ வைப்பார்கள். சீக்கிய வீரர் பாபா தீப் சிங் உயிர்விட்ட இடம் அது. வருடம் 1757, அவருக்கு வயது 75.

அவருடைய படத்தைப் பஞ்சாபில் பார்க்காமல் இருக்கவே முடியாது. லாரியின் பின்பக்கம், டாபா சுவர், கடைவீதி காலண்டர் எல்லாவற்றிலும் இருக்கிறார். வெள்ளைத் தாடிக் கிழவர், வலது கையில் இருபுறமும் கூரான கண்டா வாள், இடது உள்ளங்கையில் வெட்டுப்பட்ட தன் தலை. முதல் தடவை பார்க்கும்போது யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். அந்தப் படத்தில் வராத ஒரு விஷயம் உண்டு, இந்தப் பயணம் முழுக்க நான் அதன் பின்னால்தான் போனேன். இவர் அடிப்படையில் எழுத்தர். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிபைக் கையால் படியெடுத்தவர்.

அந்த நூலின் கதை பொற்கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், ராம்சர் என்ற சின்னக் குளத்தின் கரையில் தொடங்குகிறது. கூட்டமே இல்லாத இடம். ஐந்தாவது குருவான குரு அர்ஜன் இங்கே உட்கார்ந்துதான் பாடல்களைத் தொகுத்தார். பாய் குர்தாஸ் எழுதினார். 1604-ல் தொகுப்பு முடிந்து, ஹர்மந்திர் சாஹிபில், அதாவது பொற்கோயிலில், வைக்கப்பட்டது. தனக்கு முன்னால் வந்த குருக்களின் பாடல்களும் தன்னுடையவையும் மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. நெசவாளர் கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், மகாராஷ்டிரத்துத் தையற்காரர் நாம்தேவ், சூஃபி ஞானி பரீத் என எல்லோரையும் ராகவாரியாக உள்ளே உட்கார வைத்தார். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் ஒரே ஏட்டில், ஒரே மரியாதையோடு! அந்தக் காலத்தில் இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று ராம்சரில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டே வருடத்தில், 1606-ல், ஜஹாங்கீர் ஆட்சியில் லாகூரில் குரு அர்ஜன் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தட்டில் உட்காரவைத்து, மேலே கொதிக்கும் மணலைக் கொட்டினார்கள் என்பது சீக்கிய மரபு சொல்வது. அந்த நினைவு நாள் நல்ல கோடையில் வரும். அன்றைக்குப் பஞ்சாபில் எந்தச் சாலையில் போனாலும் வண்டியை மறித்து, குளிர்ந்த இனிப்புப் பாலும் ரோஸ் தண்ணீரும் கொடுப்பார்கள். சபீல் என்று பெயர். நெருப்பில் உட்காரவைத்துக் கொல்லப்பட்டவரின் நாளில், வெயிலில் வருகிற முன்பின் தெரியாதவனுக்குத் தண்ணீர். பழிக்குப் பழி என்ற பேச்சே இல்லாமல் ஒரு சாவை இப்படியும் நினைவு வைத்துக்கொள்ளலாம் என்பது என்னை ரொம்பவே அசைத்துவிட்டது.

நூலைத் தொகுத்தவர் இப்படிப் போனார். அடுத்து, அதில் பின்னால் பாடல் சேர்க்கப்பட்ட ஒன்பதாவது குரு, தேக் பகதூர். 1675-ல் டெல்லி சாந்தினி சௌக்கில் தலை வெட்டப்பட்டது. காஷ்மீரப் பண்டிதர்கள் கட்டாய மதமாற்றத்துக்கு எதிராக அவரிடம் வந்து முறையிட்டார்கள், தன்னுடையதல்லாத ஒரு சமயத்துக்காக அவர் உயிரைக் கொடுத்தார் என்றே சீக்கியர்கள் இன்றும் சொல்கிறார்கள். யாருக்கும் அச்சம் கொடுக்காதவன், யாருக்கும் அஞ்சாதவன், அவனே ஞானி என்று அவர் பாடியது கிரந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. அவருடைய பாடல்களைச் சேர்த்து நூலுக்கு முழு வடிவம் கொடுத்தவர் அவர் மகனும் பத்தாவது குருவுமான குரு கோவிந்த் சிங். அப்போது எழுதிய பாய் மணி சிங்கும் பிற்காலத்தில் லாகூரில் கணுக்கணுவாக வெட்டிக் கொல்லப்பட்டார். இப்படிக் கை கால்கள் துண்டிக்கப்பட்டவர்களை, ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்களை, சக்கரத்தில் ஏற்றப்பட்டவர்களை தினசரி அர்தாஸ் பிரார்த்தனையில் வரிசையாக நினைவு கூர்கிறார்கள். அர்த்தம் தெரிந்த பிறகு அந்தப் பிரார்த்தனையில் சும்மா நிற்க முடியவில்லை, உடம்பு சிலிர்த்துவிட்டது.

ராத்திரி ஹர்மந்திர் சாஹிபில் சுகாசன் பார்த்தேன். கிரந்தத்தைப் பட்டுத் துணியில் பொதிந்து, பல்லக்கில் வைத்து, சாமரம் வீசிக்கொண்டு எதிரே இருக்கும் அகால் தக்து என்ற சீக்கியத் தலைமைப் பீடத்துக்கு எடுத்துப்போவார்கள். அங்கே அதற்கு ஒரு படுக்கை. விடியுமுன் மறுபடி ஊர்வலமாக ஹர்மந்திருக்கு. பல்லக்குக்குத் தோள் கொடுக்க அத்தனை பேர் முண்டுகிறார்கள், அரை நிமிடம் கிடைத்தாலும் போதும் என்று. 1708-ல் நாந்தேடில் குரு கோவிந்த் சிங் தனக்குப் பிறகு மனித குரு இல்லை, இதுவே குரு என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் 1430 பக்கமுள்ள இந்த நூல் அவர்களுக்கு வாழும் குரு. 1984 ஜூனில் ராணுவம் உள்ளே வந்தபோது குண்டு பாய்ந்த பிரதி ஒன்றை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2021-ல் அதைப் பக்தர்கள் பார்வைக்கு வைத்தபோது, காயம்பட்ட ஒருவரைப் பார்க்க வருவதுபோல்தான் ஜனங்கள் வந்தார்கள்.

சரி, தீப் சிங்குக்கு வருகிறேன். 1757-ல் ஆப்கான் மன்னன் அகமது ஷா அப்தாலி டெல்லியைக் கொள்ளையடித்துவிட்டு ஊர் திரும்பும்போது மகன் தைமூர் ஷாவையும் தளபதி ஜஹான் கானையும் லாகூரில் விட்டுப்போனான். அவர்கள் காலத்தில் ஹர்மந்திர் சாஹிப் இடிக்கப்பட்டு, குளம் மண்ணாலும் குப்பையாலும் தூர்க்கப்பட்டது. சேதி தெற்குப் பஞ்சாபில் தம்தமா சாஹிப் குருத்வாராவில் இருந்த தீப் சிங்கை எட்டியது. பேனாவை வைத்துவிட்டுக் கிழவர் கிளம்பிவிட்டார். வழியெல்லாம் கிராமத்து ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். தரன் தாரனில் தரையில் ஒரு கோடு கிழித்து, சாகத் தயாராக இருப்பவன் மட்டும் தாண்டட்டும் என்றார். எல்லோரும் தாண்டினார்கள். கோஹர்வால் பக்கம் நடந்த சண்டையில் அவர் கழுத்தில் வெட்டு விழுந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர், குளக்கரையில் போய்த்தான் சாவேன் என்றீர்களே என்று நினைவுபடுத்த, தலையை இடது கையில் தாங்கியபடியே வாள் வீசிக்கொண்டு அமிர்தசரஸ் வரை வந்தார் என்பது மரபு.

அவரைத் தகனம் செய்த ஷஹீத்கஞ்ச் குருத்வாரா சாட்டிவிண்ட் வாசல் பக்கம் இருக்கிறது, ராம்சரிலிருந்து பொடிநடை தூரம். ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டம் தாங்காது. அங்கே செருப்பு வாங்கி வைக்கும் பெரியவர் ஒருவரிடம், எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேவிட்டேன்: "பாபாஜி, தலை போன பிறகு ஒரு மனிதர் எப்படி நடந்திருப்பார்?" அவர் கோபப்படவில்லை. "பேட்டா, தலையை அவர் அன்றைக்கா கொடுத்தார்? ஆனந்த்பூரில் அமிர்தம் எடுத்தபோதே கொடுத்தாகிவிட்டது. மிச்சமெல்லாம் குருவுக்காக நடந்த நடைதான்" என்றார்.

1699 வைசாகியில் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் வாளை உருவிக்கொண்டு, யார் தலை கொடுப்பீர்கள் என்று கேட்டு, ஐந்து பேர் எழுந்து வந்ததைத்தான் பெரியவர் சொல்கிறார்; அன்று தொடங்கிய சீக்கியத் தீட்சைதான் அமிர்தம் எடுப்பது. இன்னும் பின்னால் போனால் குரு நானக்கின் வரி ஒன்று இருக்கிறது: அன்பு விளையாட்டு ஆட ஆசையென்றால், தலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் தெருவுக்கு வா. தீப் சிங் அந்த வரியை எத்தனை முறை படியெடுத்திருப்பார்! காலண்டர் படத்தில் இருப்பது அந்த வரியேதான் என்று எனக்குத் தோன்றியது. மருத்துவ ரீதியாக முடியுமா என்ற கேள்வி அதற்குப் பிறகு எனக்கு முக்கியமாகப் படவில்லை.

அமிர்தசரஸிலிருந்து தம்தமா சாஹிப் இருக்கும் தல்வண்டி சாபோவுக்குப் போக அரை நாளுக்கு மேல் ஆகிறது. கோதுமை வயலும் பருத்தி வயலுமாகத் தட்டையான, பஞ்சாபின் மால்வா நிலம். முகலாயப் படையோடு நடந்த முக்த்சர் போருக்குப் பிறகு, நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்திருந்த நிலையில் குரு கோவிந்த் சிங் இங்கே வந்து தங்கினார். அந்த மனநிலையில் ஒருவர் உட்கார்ந்து நூலைச் செம்மைப்படுத்தியிருக்கிறார், அதிலும் அப்பாவின் பாடல்களைச் சேர்த்தார், தன்னுடையது ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. அந்த வடிவத்திலிருந்து தீப் சிங் நான்கு பிரதிகள் எழுதி, மற்ற நான்கு தக்துகளுக்கும் அனுப்பினார் என்கிறார்கள். தம்தமா சாஹிபும் ஒரு தக்துதான்; அதை ஒட்டி அவர் பெயரில் உயரமான புர்ஜ் ஒன்று நிற்கிறது. எழுத்தரின் ஊரில் கோட்டைக் கோபுரம்!

பக்கத்திலேயே லிகன்சர். எழுதி முடித்த நாணல் பேனாக்களை குரு குளத்தில் போட்டு, இந்த ஊரிலிருந்து எழுத்தாளர்களும் அறிஞர்களும் நிறைய வருவார்கள் என்று வாழ்த்திய இடம். இங்கே வருகிறவர்கள் குர்முகியின் 35 எழுத்துகளையும் எழுதிப் பார்க்கிறார்கள். குழந்தைகளைவிட நடுத்தர வயதுக்காரர்கள்தான் அதிகம். நானும் எழுதினேன், பக்கத்தில் இருந்த அம்மா இரண்டு எழுத்தைத் திருத்திக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பட்டிண்டா வரை ரயில் உண்டு, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ்கள் ஓடுகின்றன. தங்க குருத்வாரா சராய், சாப்பிட லங்கர். தலையை மூட ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் வைசாகி சமயத்தில் லட்சக்கணக்கில் கூட்டம் வரும், நீலச் சட்டை நிஹாங்குகளை, அதாவது சீக்கியப் போர்வீரர் மரபினரை, குதிரைகளோடு பார்க்க ஆசைப்பட்டால் அப்போது போங்கள். புர்ஜையும் லிகன்சரையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் நவம்பருக்குப் பிறகு.