காவிரி வழக்குகள்: டெல்லியை வேலை வாங்கிய தீர்ப்புகள்

அரசியலமைப்பில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனம். மாநிலம் தாண்டி ஓடும் ஆறுகளோ மத்தியப் பட்டியலில் 56. ஆக, அதிகாரம் டெல்லியிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதைக் கையில் எடுக்கத்தான் மனசு வரவில்லை.

டெல்டா விவசாயிகள் சங்கம் 1983இல் தொடுத்த வழக்கில், தண்ணீர்ப் பங்கைத் தீர்க்க ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லி 1990 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பேச்சுவார்த்தை தோற்றபின் அமைப்பதும் விடுவதும் மத்திய அரசின் இஷ்டமல்ல என்பதுதான் அதன் சாரம். ஜூன் 2ஆம் தேதி மன்றம் வந்தது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் கனமானது 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த கருத்துரை. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) தரச் சொன்ன நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முடக்கக் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டிருந்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் உட்கார முடியாது என்று அது அடிபட்டது.

2018 பிப்ரவரி 16 தீர்ப்பு, மன்றத்தின் இறுதித் தீர்ப்புப்படி எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவுக்கு வரவேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆக்கியது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டது ஒரு காரணம். வேதாரண்யம் பக்கம் போர் போட்டு உப்புத் தண்ணீர் பார்த்தவர்களுக்கு இந்தக் கழித்தல் உறுத்தும். தீர்ப்பை நடைமுறைப்படுத்த ஆறு வாரத்தில் செயல்திட்டம் வேண்டும் என்றது நீதிமன்றம். மத்திய அரசு விளக்கம் கேட்டு இழுத்து, கர்நாடகத் தேர்தல் முடிந்தபின் ஜூன் 1இல்தான் அறிவித்தது. வரைவில் கடைசி வார்த்தை மத்திய அரசுடையதாக இருந்தது. தமிழகம் ஆட்சேபித்ததால் அது, திட்டப்படி அமையும் காவிரி மேலாண்மை ஆணையத்துக்கு மாறியது.

இனி கணக்கு. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மாதவாரி அட்டவணையில் ஜூன் பங்கு 9.19 டி.எம்.சி.; சராசரியாக விநாடிக்கு 3,545 கன அடிதான் வரும். ஆகவே ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பது அணையில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீரை நம்பித்தான். ஆகஸ்டில்தான் 45.95.

இதெல்லாம் மழை பெய்த ஆண்டுக்கு. பற்றாக்குறையை விகிதப்படி பகிர வேண்டும் என்று இருக்கிறதே தவிர, விகிதத்தை எப்படிப் போடுவது என்பதில் மாநிலங்கள் ஒத்துப்போகவில்லை. சிக்கல் அங்கேதான். 2023 செப்டம்பரில் ஆணையத்துக்குக் கீழே இயங்கும் ஒழுங்காற்றுக் குழு, கர்நாடகம் திறக்கச் சொன்னது 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கன அடி. கூட்டினால் 6.48 டி.எம்.சி. அட்டவணைப்படி அந்த அரை மாதத்துக்கு 18க்கு மேல் வரவேண்டும். குழுவின் உத்தரவில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை.