லோஷன்

ஹாம்பர்க் வந்த முதல் டிசம்பரில், எல்பே ஆற்றுப் படகில் முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் என் கைப்பையிலிருந்த க்ரீமை எடுத்து நீட்டினேன். அவர் கேட்டது அதுவல்ல.

62-ஆம் நம்பர் படகு லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் கிளம்பி ஃபிங்கன்வெர்டர் வரை போகும். பஸ் பாஸே போதும், தனி டிக்கெட் வேண்டாம். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதில் போய் உட்கார்ந்துவிடுவேன். அன்று ஆறு, வானம், துறைமுகத்துக் கிரேன் எல்லாமே கழுவாத அலுமினியப் பாத்திர நிறம். அதற்கு நடுவில் ஒரு சிவப்புக் கோட்டு. விடுவேனா? எடுத்துவிட்டேன். அந்த அம்மா உள்ளங்கையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "லோஷன் ஸீ தஸ், பிட்டே" என்றார். குளிரில் என் கையெல்லாம் வெடித்துக் கிடந்த காலம் அது. பாவம், இவருக்கும் அதேதான் போல என்று நினைத்துக் க்ரீமைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், ரொம்பத் தெளிவாக, "டெலீட்" என்றார்.

அழித்தேன். க்ரீமை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

ஜெர்மன் வகுப்பில் இதைச் சொன்னதும் ஆசிரியைக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அந்த அம்மா சொன்ன 'லோஷன்' ஒரு ஜெர்மன் வினைச்சொல்லாம். அதற்கு நெருப்பை அணைப்பது, தாகத்தைத் தணிப்பது, கப்பலிலிருந்து சரக்கை இறக்குவது, படத்தை அழிப்பது என்று எத்தனையோ பொருளாம். துறைமுக ஊரில் இருந்துகொண்டு இது தெரியாமல் போனது என் தப்புதான். சிரித்து முடித்துவிட்டுக் கதை ஒன்றும் சொன்னார். 1898 ஜூலையில், ஜெர்மனியின் முதல் சான்சலராக இருந்த பிஸ்மார்க் இறந்த இரவு, ஹாம்பர்க் போட்டோக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்து ஃப்ரீட்ரிஷ்ஸ்ரூவில் அவர் கிடத்தப்பட்டிருந்த அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து படம் எடுத்துவிட்டார்கள். வழக்கு, சிறை என்று அவர்கள் கதை முடிந்தது. அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் 1907-இல் சட்டம் வந்தது: ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் உருவத்தை வெளியிடக் கூடாது. இயற்கைக் காட்சியில் ஓரமாக வந்து விழுந்தவர், ஊர்வலத்தில் போகிறவர் என்று சில விலக்கு உண்டு. சிவப்புக் கோட்டு எந்த விலக்கிலும் வராது. படம் முழுக்க அவர்தானே.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் சங்கரன்கோவில்காரி. ஆடித்தபசுக் கூட்டத்தில் கேமராவை வெளியே எடுத்தால் போதும், "எங்களையும் ஒண்ணு எடும்மா" என்று பத்துப் பேர் வந்து நிற்பார்கள். படம் கைக்கு வராது என்று தெரிந்தும் நிற்பார்கள். எடுத்ததைப் பின்பக்கத் திரையில் காட்டினால் போதும், அதிலேயே ஒரு திருப்தி. அப்படி வளர்ந்தவளிடம் மனுஷ முகத்தை எடுக்காதே என்றால் எப்படி?

சரி, வேண்டாம் என்று வீம்புக்கு நாலு மாதம் ஆளில்லாத படமாக எடுத்துத் தள்ளினேன். பூட்டிய சைக்கிள், ஈரப் படிக்கட்டு, 1911-இல் கட்டிய பழைய எல்பே சுரங்கப்பாதையின் சுவரில் பதித்திருக்கும் பீங்கான் மீன்கள். எல்லாம் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போகும். ஒருநாள் போன் வந்தது. "ஏட்டி, அந்த ஊர்ல மனுஷங்களே கிடையாதா? எனக்குப் பயமா இருக்கு."

கேட்டுத்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். "உங்களை ஒரு படம் எடுக்கலாமா?" என்பதை ஜெர்மனில் உருப்போட்டுக்கொண்டு மீன் சந்தைக்குப் போனேன். 1703 முதல் நடக்கிற சந்தை. ஞாயிறு விடிகாலை தொடங்கி ஒன்பதரைக்கு எல்லாம் மூட்டை கட்டிவிடுவார்கள். பேர்தான் மீன் சந்தை. பழம், பூச்செடி எல்லாம் உண்டு. இந்த ஊரில் மனிதர்கள் தொண்டை கிழியக் கத்துவதை நான் முதலில் கேட்டது அங்கேதான். காது குளிர்ந்துபோனது.

கூடை கூடையாகப் பழம் விற்கும் ஒருவர். கையை வீசி, கண்ணை உருட்டி, கூட்டத்தையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "யா" என்றார். உடனே கத்துவதை நிறுத்தினார். கையைத் துடைத்தார், தொப்பியைச் சரிசெய்தார், மோவாயைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக நின்றுவிட்டார். என் பெரியப்பா ஸ்டுடியோவில் ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் இப்படித்தான் நிற்பார்கள். பவுடர் டப்பாவும் பல் போன சீப்பும் தொங்கும் கண்ணாடி ஒன்று அங்கே உண்டு. அதன் முன்னால் போய் நின்றதுமே முகத்திலிருந்து ஆள் காணாமல் போய்விடுவார். "மூச்சு விடுங்கண்ணே" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

படம் சுமார்தான். ஆனாலும் மருந்து, சோப்பு விற்கும் கடையில் இருக்கும் மெஷினில் அச்சுப் போட்டு அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் தராசுக்கு மேலே செருகி வைத்துக்கொண்டார். எனக்கு அள்ளிப் போட்ட வாழைப்பழத்தை வீட்டில் நாலு நாள் தின்றோம். அதற்கடுத்த வாரம் எதிர்க்கடைப் பூக்காரம்மா, "எனக்கு எங்கே?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டார். அப்புறம் அவர் மகன், மகனின் நாய். இப்போது போனால் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பாதிப் பேராகத்தான். ஹாம்பர்க் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

பழகிவிட்டதுதான். ஆனால் படகில் போகும்போதெல்லாம் அந்த உள்ளங்கை ஞாபகம் வரும். முகத்தை மறைத்து, விரல்கள் விரிந்து. அதை நான் முதலில் பார்த்தது எல்பேயில் இல்லை.

எங்கள் ஆச்சியும் அப்படித்தான் கையைத் தூக்குவாள். வீட்டிலேயே ஸ்டுடியோக்காரன் இருந்தும் ஒரு படம் எடுக்க விட்டதில்லை. "போட்டா புடிச்சா ஆயுசு கொறஞ்சிரும், போல அங்கிட்டு" என்று பெரியப்பாவை விரட்டுவாள். எண்பதைத் தாண்டியும் அதே பேச்சு. நாங்கள் எல்லாரும் அவளைக் கேலி செய்தோம்.

அவள் போனபின், பதினாறாம் நாளுக்கு மாலை போடப் படம் வேண்டுமே. அலமாரியைக் கவிழ்த்ததில், அத்தை கல்யாணக் கும்பல் படம் ஒன்றில் மூன்றாம் வரிசையில், வேறு எங்கேயோ பார்த்தபடி ஆச்சி. பெரியப்பா அதை வெட்டிப் பெரிதாக்கினார். செத்தவர் படத்துக்குப் பத்து வருஷம் வரை வீட்டாரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்று 1907 சட்டம் சொல்கிறதாம். வீட்டார் நாங்கள்தான். வெட்டியதும் நாங்கள்தான்.

எவ்வளவு வெட்டியும் ஒன்றை மட்டும் பெரியப்பாவால் எடுக்க முடியவில்லை. ஆச்சியின் தோளில் யாரோ ஒருத்தியின் கை கிடக்கிறது, நாலு கண்ணாடி வளையலோடு. அது யார் கை என்று இன்றுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வருஷா வருஷம் அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் மாலை.