கபாலி சரணடைந்துவிட்டார்

மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்த நான் கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. விசா, பதிவு என்று அலைந்ததை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். இரண்டு வருடம் முடிந்து விண்ணப்பித்து, ஒருவழியாக வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே தங்கியிருக்க உதவும் ஓசிஐ அட்டையும் கைக்கு வந்துவிட்டது. அந்தக் கதையை அத்தோடு விட்டுவிடுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது பாட்டு, டிவி, சினிமா பற்றி. அந்த விஷயத்தில்தான் நான் இங்கே அதிகம் தடுமாறினேன்.

வரும்போது பெரிய தைரியத்தோடுதான் வந்தேன். தமிழ்ப் படம் பார்த்தே வளர்ந்தவளுக்குத் திருநெல்வேலி தெரியாதா? 2003இல் விக்ரம் போலீஸாக வந்த ‘சாமி’யைப் பார்த்த நாளிலிருந்து தெரியும். வாய்க்கு வாய் ‘ஏலே’ என்பார்கள், கையெட்டும் தூரத்தில் அருவாள் இருக்கும், மற்ற நேரத்தில் அல்வா தின்பார்கள். புகுந்த வீட்டாருக்கும் என் ஊரைப் பற்றி இதே அளவு ஞானம். எல்லாம் ரஜினி மலேசியாவில் கோட்டு போட்ட ரவுடியாக வரும் ‘கபாலி’யில் படித்தது. வந்த முதல் வாரமே கொழுந்தன் கேட்டான், “மைனி, ஒங்க ஊர்ல கடைக்குப் போகணும்னாலும் கோட்டு போட்டுத்தான் போவாங்களா?”

அந்தப் படத்தால் எங்கள் வீட்டில் இன்றுவரை சண்டை. கடைசிக் காட்சியில் ஒரு பையன் துப்பாக்கியோடு ரஜினியை நெருங்குவான், திரை இருண்டு வெடிச்சத்தம் கேட்கும், படம் முடிந்துவிடும். இங்கே எல்லோரும் பார்த்தது அது. நான் 2016இல் ஈப்போவில் பார்த்த படத்தில் அதற்குப் பிறகு ஒரு வரி வந்தது, கபாலி போலீஸில் சரணடைந்துவிட்டார் என்று. மலேசியாவில் திரையிட்ட பிரதியில் அப்படித்தான் சேர்த்திருந்தார்கள். ரவுடி கடைசியில் சட்டத்துக்குப் பணிய வேண்டும் அல்லவா! இதைச் சொன்னால் கொழுந்தன் நம்பமாட்டான். “அந்தப் பய துப்பாக்கிய எடுத்தாம்லா? சத்தமும் கேட்டுச்சுல்லா? பொறவு எங்க போயி சரணடைய?”

இந்த ‘லா’வைக் கவனியுங்கள். நாங்களும் லா போடுகிறவர்கள்தான். “வா லா”, “முடியாது லா” என்று மலாய், சீனம், தமிழ் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு லா ஒட்டிக்கொள்ளும். வந்த புதிதில் அடுப்படியிலிருந்து அத்தை, “நான் அப்பமே சொன்னேம்லா” என்றபோது ஒரு நொடி எனக்கு ஈப்போவில் நிற்பது போலவே இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, இவர்களுடைய லா ‘அல்லவா’ என்பதன் மிச்சம். எங்களுடையது வெறும் செல்லம். எத்தனையோ திருநெல்வேலிப் படம் பார்த்திருக்கிறேன், ஒன்றிலாவது இந்த லா என் காதில் விழுந்ததில்லை. ‘ஏலே’யைப் பத்துத் தடவை கத்தினால் வட்டார வழக்கு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள் போலும். நான் சொன்ன தமிழும் இங்கே பாதி எடுபடவில்லை. “காடி எங்கே நிற்கிறது?” என்று கேட்டேன். எங்களுக்குக் காடி என்றால் கார். இங்கே அது புளித்த கஞ்சித் தண்ணி. மாமா வெகுநேரம் சிரித்தார்.

‘பரியேறும் பெருமாள்’ வேறு ரகம். 2018இல் வந்த படம், நான் பார்த்தது இங்கே வந்த பிறகு, கைபேசியில். அதில் பேசுகிறவர்கள் எங்கள் தெருவில் பேசுகிறவர்கள் மாதிரியே இருந்தார்கள். நாயகனின் அப்பாவாக வரும் தங்கராசு நிஜமாகவே இந்தப் பக்கத்துக் கூத்துக் கலைஞர், பெண் வேடம் கட்டி ஆடியவர் என்று பிறகு தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை பார்த்தபோது அந்த மனிதர் வரும் காட்சிகளில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

தியேட்டர் கதை வேறு. முதல் நாள் முதல் காட்சி பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து திருநெல்வேலிக்குப் போனோம். காகிதத்தை வாரி இறைத்தார்கள், விசில், ஆட்டம். ஒரு வசனமும் காதில் விழவில்லை. என் கண் தானாகத் திரையின் அடிக்குப் போனது, அங்கே எழுத்து இல்லை! மலேசியாவில் தமிழ்ப் படத்துக்கு அடியில் மலாய் எழுத்து ஓடும். அதை நம்பித்தான் இத்தனை வருடம் படம் பார்த்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இடைவேளையும் எனக்குப் புதுசு. அங்கே ‘இடைவேளை’ என்ற எழுத்து வரும், அடுத்த நொடியே படம் தொடரும். பாதிப் படத்தில் எதற்காக எல்லோரும் திடீரென்று அதிர்ச்சி அடைகிறார்கள் என்று நினைப்பேன். வெளியே போய் முறுக்கு தின்றுகொண்டே அடுத்து என்ன ஆகும் என்று பேசுவதற்குத்தான் அந்த அதிர்ச்சி. அருமையான ஏற்பாடு. ரசிகர் ஆட்டத்துக்கு மட்டும் இனி என்னைக் கூப்பிட வேண்டாம்.

பாட்டு விஷயத்தில் நான் சொல்வதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். இளையராஜாவிடம் நான் ராப் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். எங்கள் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் 2006இல் வந்தபோது அதிலிருந்த ‘மடை திறந்து’தான் எனக்கு மூலப் பாட்டு. ‘நிழல்கள்’ படத்தின் 1980 பாட்டைப் பிறகுதான் கேட்டேன். இன்றைக்கும் எனக்கு முதலில் மனசுக்குள் ஓடுவது ராப்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் போகும் தனியார் பஸ்ஸில் ராஜா பாட்டு தவிர வேறு எதுவும் போடுவதில்லை. ஜன்னலோரம், இரண்டு பக்கமும் வயல். அங்கே கேட்டால் என் வாதம் கொஞ்சம் பலவீனமாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொழுந்தனுக்கு யோகி பியைப் போட்டுக் காட்டினேன். “இத ஸ்கூல் ஆண்டுவிழால ஆடிருக்கோம் மைனி. மெட்ராஸ்காரன்னுல்லா நெனச்சேன்” என்றான்.

மாமாவுக்கு வானொலி போதும். 1963இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையத்தைக் கேட்டுக்கொண்டேதான் இன்றும் சவரம் செய்வார். நானும் மலேசியாவின் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் கேட்டு வளர்ந்தவள் என்பதால் அவரோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டேன். அத்தையோடு ஒட்டவைத்தது, வெட்கத்தோடு சொல்கிறேன், சீரியல். மூன்று தடவை முகத்தைக் காட்டி மூன்று தடவை இடி இடிக்கும் அந்தச் சங்கதி எனக்குப் பிடிக்காது. ஆனால் ஈப்போவில் அம்மா பார்க்கும் அதே தொடரை இங்கே அத்தையும் பார்க்கிறார். சம்பந்திகள் போனில் என் நலம் விசாரித்து நான் கேட்டதில்லை, அந்த மருமகள் விஷம் வைத்தாளா என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

ஊர்க் கோயில் திருவிழாவான கொடை வந்தபோதுதான் என் ரசனையெல்லாம் ஆட்டம் கண்டது. விடிகாலை ஐந்து மணிக்கே ரேடியோ செட் கட்டிக் குழாயில் பாட்டு. ராத்திரி வில்லுப்பாட்டு. வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்க, குடம் கும்மென்று முழங்க, பாடுகிறவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா!” போடுவார். எனக்குப் பாதிக் கதை புரியவில்லை. ஒன்பது மணி சீரியலிலேயே தூங்கிவிடும் அத்தை இரண்டு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். பிறகு கணியான் கூத்து. உச்ச மகுடம், மந்த மகுடம் என்று இரண்டு மேளம். தோலை நெருப்பில் காட்டி இறுக்கிக்கொண்டு வந்து அடிக்கிறார்கள். தைப்பூசத்தில் உறுமி கேட்டு வளர்ந்த காது எனக்கு, மேளம் புதிதல்ல. ஆனாலும் ஒன்று சன்னமாகவும் ஒன்று கனமாகவும் மாறி மாறிப் பேசிய அந்தச் சத்தம் மூன்று நாள் காதைவிட்டுப் போகவில்லை. ஒரே குறை, மைக் செட்காரர் எக்கோவைக் கூட்டிவைத்துவிடுகிறார். என் கையில் அதிகாரம் இருந்தால் முதலில் அந்தத் திருகைக் கழற்றி எறிவேன்.

போன மாதம் டிவியில் ‘கபாலி’ போட்டார்கள். இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்துவிட வேண்டும் என்று கொழுந்தன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். இங்கே போடுவது இங்கத்திய பிரதிதானே என்றேன், கேட்கவில்லை. மாமாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பையன் ரஜினியை நெருங்கினான், கரண்ட் போய்விட்டது.