காய்ச்சல் தொடங்கிய நாள்

வைரஸ் நோய் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன் என்றதும், பாதுகாப்பு உடையணிந்து கிருமியைத் தேடும் ஒருவரையே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் என் நேரத்தின் பெரும்பகுதி படிவங்களோடு கழிகிறது. மாதிரியோடு வந்த தாளில் காய்ச்சல் தொடங்கிய தேதி இருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லையெனில் அனுப்பியவரை அழைத்துக் கேட்பதும் அன்றாட வேலை.

அந்தத் தேதி இல்லாமல் பரிசோதனை முடிவுக்குப் பொருள் சொல்ல இயலாது. டெங்குவில் முதல் சில நாட்களில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வும் அந்த வைரஸின் என்.எஸ்.1 என்ற புரதமும் இரத்தத்தில் கிடைக்கும், தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பெரும்பாலும் நான்கைந்து நாட்களுக்குப் பின்னரே தென்படும். இரண்டாம் நாளில் எடுத்த இரத்தத்தில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்துத் ‘தொற்று இல்லை’ என்று எழுதினால், கருவியும் கைகளும் பிழையின்றி இயங்கியிருந்தும் நோயாளிக்குத் தவறான விடையே போய்ச் சேரும்.

யார், எங்கே, எப்போது என்ற கேள்விகளின் வலிமைக்கு, விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நிபா வைரஸின் வரலாற்றைவிட நல்ல சான்றை நான் அறியேன். 1998-இல் மலேசியாவில் மூளையழற்சி பரவியபோது, அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதிக் கொசு ஒழிப்பிலும் தடுப்பூசியிலும் இறங்கினார்கள். ஆனால் நோயுற்றோர் பட்டியல் அதற்கு இணங்கவில்லை: பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும் நோய், இங்கே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்களைத் தாக்கியது; தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை; பன்றிகளும் நோயுற்றன. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சுவா கா பிங் நிபா என்ற அந்தப் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தபோதுதான் ஆய்வகம் அந்தப் பட்டியலை எட்டிப்பிடித்தது. அதற்குள் பலர் இறந்திருந்தனர். மொத்தத்தில் 105 பேர் மாண்டனர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

இதை அறிந்திருந்தும், வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசையாக்கக் கருவிக்குக் கிடைக்கும் நிதி, வீடுவீடாகச் சென்று விசாரிக்கும் கள ஆய்வாளரின் சம்பளத்துக்குக் கிடைப்பது அரிது. (கருவிக்குத் திறப்பு விழா உண்டு, படிவத்துக்கு இல்லை.) வரிசையாக்கம் தேவையற்றது என்று சொல்லவில்லை, ஒரே மூலத்திலிருந்து பரவியதா, மீண்டும் மீண்டும் விலங்கிலிருந்து தாவியதா என்பதை அது காட்டும். ஆனால் தாவும் வழியை அடைப்பதற்கு மனிதர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வங்கதேசத்தில் அதே வைரஸ் குளிர்காலந்தோறும் தலைகாட்டியபோது, பன்றியை மட்டுமே விசாரித்திருந்தால் எதுவும் கிடைத்திருக்காது. நோய்வாய்ப்படுவதற்கு முன் என்ன உண்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்டபோது, பச்சையாகக் குடிக்கும் பேரீச்ச மரச் சாறு வெளிப்பட்டது. அகச்சிவப்புக் கேமராக்களை மரங்களில் பொருத்தியதும், பழந்தின்னி வௌவால்கள் இரவில் சாறு வடியும் இடத்தை நக்குவது பதிவானது. பானையையும் சீவிய பகுதியையும் மூங்கில் தட்டியால் மறைத்தால் வௌவால் அணுகாது என்று களச் சோதனைகள் காட்டின; நிபாவுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இல்லாத நிலையில், அந்தத் தட்டியும், சாற்றைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம் என்ற அறிவுரையுமே அங்கே முதன்மைத் தடுப்பு வழிகளாக இருக்கின்றன.