இன்னொரு தடவை வாசி, தம்பி

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும் 1978 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள். சாரணர் அணியில் இருந்த எங்களை மாஸ்டர் கண்டி யுத்த மயானத்துக்குக் கூட்டிப்போனார். விடியுமுன்பே பஸ் ஏறிவிட்டோம்.

மயானத்தில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும், வெள்ளைக்காரருக்கும் ஆபிரிக்கருக்கும் நம் நாட்டவருக்கும் ஒரே அளவுக் கல். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. பர்மாவுக்குப் போன கிழக்கு ஆபிரிக்கப் படையினரும் இலங்கையில்தான் பயிற்சி எடுத்தார்கள். போர்முனையைக் காணாமலே இங்கே காய்ச்சலிலும் விபத்திலும் செத்தவர்களும் உண்டு.

சிப்பாய்கள் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் தலை குனிந்து நின்றார்கள். பியூகிள் ஊதி முடிய இரண்டு நிமிடம் மௌனம். மலர்வளையம் வைத்தார்கள். அப்புறம் கூட்டம் கலைந்தது.

வேலியோரக் கல் ஒன்றின் முன்னால் மட்டும் ஒரு பெரியவர் விறைப்பாக சல்யூட் அடித்தபடி நின்றார். கோட்டில் இரண்டு பதக்கம், காலில் ரப்பர் செருப்பு. கையை இறக்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுல என்னா எழுதியிருக்குன்னு வாசி."

இலக்கம், பெயர், கிங்ஸ் ஆபிரிக்கன் ரைபிள்ஸ் என்ற கிழக்கு ஆபிரிக்கப் படையின் பெயர், இறந்த தேதி. வாசித்தேன். வயது போட்டிருக்கவில்லை.

"இன்னொரு தடவை வாசி."

போர்க்காலத்தில் இராணுவ லொறி ஓட்டியவராம். முகாமில் அவரும் அந்தக் கல்லுக்குரிய ஆபிரிக்கச் சிப்பாயும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதம். 'ரஃபிக்கி' என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்களாம். அந்த ஆபிரிக்கரின் சுவாஹிலி பாஷையில் நண்பன் என்று அர்த்தம். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் தானும் ஒருவர் என்றார். எழுத்து தெரியாததால் இத்தனை வருஷமும் இடத்தை வைத்தே கல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஏன் ஐயா ஒவ்வொரு வருஷமும் வாறீங்க?"

"அவனுக்கு வர இங்க யாரு இருக்கா? அடுத்த வருசம் நானும் இருக்க மாட்டேன் தம்பி. இந்தியா பாஸ்போர்ட் வந்திருச்சு. தலைமன்னார்ல கப்பலேறணும்."

படையில் உழைத்த அந்த மனிதரை, இந்திய வம்சாவளித் தமிழர் என்பதால், இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவரை இந்தியக் கணக்கில் எழுதியது. பதினைந்து வயதில் எனக்கு இது முழுதாக விளங்கவில்லை. என் சொந்த மாமா குடும்பமும் அதே கப்பலில் போனபோதுதான் விளங்கியது. இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

இங்கே டொராண்டோவில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஒவ்வொரு நவம்பர் 11ஆம் தேதியும் பொப்பிப் பூ குத்திக்கொண்டு போய் நிற்கிறேன். பியூகிள் சத்தம் கேட்டால் எனக்கு அந்தச் செருப்புக் கால்கள்தான் தெரிகின்றன.

ஊருக்குப் போனபோது மகளையும் மயானத்துக்குக் கூட்டிப்போனேன். வேலியோரம் தேடினோம், கல் கிடைத்தது. இலக்கம், பெயர், படை, தேதி எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தேன். பிறகு அவளை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.