விசுவாசி, ஊர்க்காரர், பதிவெண் உள்ளவர்

மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது என்று முடிவு செய்தபோது, அவர் தமிழராகவும் கிறிஸ்தவராகவும், கூடுமானால் தெற்கத்திக்காரராகவும் இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது, சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் தோழிகளுக்குக் குறுகிய புத்தியாகத் தெரிந்தது. பல்வலிக்குப் போகிறவர்கள் டாக்டர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று விசாரித்துவிட்டா போகிறார்கள் என்று ஒருத்தி கேட்டாள். இல்லைதான். ஆனால் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டினால் போதும். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா இறந்த பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. வேலையில் கவனம் சிதறியது. இவற்றை யாரிடம் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். ஜெபிக்க முடியாமல் போனதைத்தான் எல்லோரிடமும் சொல்ல முடியவில்லை. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கத்தில் ஒரு சேகரத்தில் (புராட்டஸ்டண்டுச் சபையான தென்னிந்தியத் திருச்சபையில், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டம்) வளர்ந்தவள் நான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாய் விரித்து உட்கார்ந்து, அம்மா ஒரு கீர்த்தனையைத் தொடங்க, அப்பா ஒரு அதிகாரம் வாசித்து, வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக ஜெபித்து முடித்த பிறகே சோற்றுப் பானையைத் திறக்கும் வீடு எங்களுடையது. அந்த வழக்கத்தில் வந்த ஒருத்திக்கு, கண்ணை மூடினால் ஒரு வார்த்தையும் வரவில்லை என்பது பழகிய காரியம் ஒன்று விட்டுப்போன வருத்தத்தோடு நிற்பதில்லை. அப்பாவோடு சேர்த்து, அவர் தினமும் பேசிக்கொண்டிருந்த தேவனையும் அடக்கம் பண்ணிவிட்டு வந்ததைப் போல இருந்தது. முதலில் நான் பார்த்த உளவியலாளர் நல்லவர், பொறுமையானவர், கிறிஸ்தவர் அல்லாதவர். நான் சொன்னதை அக்கறையோடு குறித்துக்கொண்டு, ஜெபத்துக்குப் பதிலாக மூச்சுப் பயிற்சி செய்து பார்க்கலாமே என்றார். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டணம் கொடுத்து வாங்கிய முக்கால் மணி நேரத்தில் பாதியை என் வீட்டை விளக்குவதிலேயே செலவழித்துவிட்டு வெளியே வருவது அலுப்பாக இருந்தது.

ஊரிலிருந்து வந்த ஆலோசனைகள் வேறு திசையில் இழுத்தன. "எம்மா, ஜெபத்தை மட்டும் விட்டுராத, எல்லாம் சரியாப் போவும்" என்பது அம்மாவின் மருந்து. சித்தி ஒரு படி மேலே போய், மனச்சோர்வு என்பதே சத்துருவின், அதாவது சாத்தானின், தந்திரம், ஒரு விடுதலை ஜெபத்துக்குப் போய்விட்டு வா என்றார். நம் சபைகளில் இப்படிப் பேசுகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. வேலூர் சி.எம்.சி.யை நடத்திய மிஷன்காரர்கள் 1957இலேயே பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கினார்கள். நோயாளியைத் தனியே அடைத்து வைக்காமல் குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார்கள். ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும் என்பது நேற்று வந்த நாகரிகம் அல்ல. நம் தாத்தா பாட்டிகள் காலத்திலேயே மிஷன் ஆஸ்பத்திரிகளில் நடந்த காரியம்.

அப்படியானால் கிறிஸ்தவ ஆலோசகரைத் தேடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. நம் சபை வட்டாரத்தில் "கவுன்சிலிங்" என்று சொல்லப்படுவது பலவிதமானது. வேலூரில் உள்ள கிறிஸ்தவ ஆலோசனை மையம் போன்ற இடங்களில் முறையாகப் படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். சில வாரச் சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டுப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். எதையும் படிக்காமல் "கர்த்தர் எனக்கு இந்தப் பாரத்தைத் தந்தார்" என்பதையே தகுதியாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கடைசி வகையில் ஒருவரிடம் நான் போனேன். அவர் ஜெபத்தோடு தொடங்கினார். நான் பேசத் தொடங்கிய சற்று நேரத்திலேயே, அப்பாமேல் உனக்குள் மன்னியாத சுபாவம் இருக்கிறது, இப்போதே அறிக்கை செய்துவிடு என்றார். அப்பாமேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று அவர் கேட்கவே இல்லை. ஒரே வேதம், ஒரே வசன அறிவு, ஒரே ஊர்ப்பேச்சு எல்லாம் எங்களுக்குப் பொதுவாக இருந்தன. அந்தப் பொதுமையே, அவர் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதற்குச் சௌகரியமாகப் போயிற்று.

அதைவிட எனக்குப் பயமாக இருந்தது, ஜெப விண்ணப்பம். நம் ஆட்கள் எவருடைய இரகசியத்தையும் வெளியே சொல்வதில்லை, ஜெபக் குறிப்பாகத்தான் சொல்வார்கள். "சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற, தகப்பனாரைச் சமீபத்தில் இழந்த, நாசரேத்துப் பகுதியைச் சேர்ந்த ஒரு சகோதரியின் மனச் சமாதானத்துக்காக" என்று பெயர் சொல்லாமல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், குழுவில் உள்ளவர்கள் அந்தச் சகோதரியின் மாமன் மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்பது வரை சொல்லிவிடுவார்கள். தகுதி பெற்ற மனநல நிபுணர் என் விஷயத்தை இப்படிப் பகிர முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, சிகிச்சை பெறுபவரின் தகவல்களை இரகசியமாகக் காக்கும் கடமையை அவர்மீது வைத்திருக்கிறது. ஜெபக்குழுத் தலைவரை அப்படிக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை.

எனவே விசுவாசத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் பதிவெண்ணைக் கேளுங்கள் என்பது என் கட்சி. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தக் கவுன்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குவது. மருந்து எழுதிக் கொடுப்பவர் மனநல மருத்துவம் படித்த டாக்டராக இருக்க வேண்டும். மற்ற ஆலோசகர்களிடம் எங்கே படித்தீர்கள், எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி பெற்றீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஊழியக்காரரிடம் இப்படிக் கேட்க நமக்கு நா எழுவதில்லை. கேட்க முடியாதவரிடம் சிகிச்சைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

பண்பாடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நாம் நமக்கே உண்மையாக இருப்பதில்லை. தெற்கே இரண்டு கிறிஸ்தவர்கள் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பது, இரண்டாவது "எந்தச் சேகரம்?" என்பது, மூன்றாவது கேள்விக்கு அவசியமே இருக்காது, அதற்குள் சாதி தெரிந்திருக்கும். என்னைப் போன்றவளுக்கு அந்தக் கேள்விகள் உபசாரமாகக் கேட்கலாம். ஒரு தலித் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அதே கேள்விகள் வேறுவிதமாகக் கேட்கும். கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி நடுவில் சுவர் வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கும்போது, "நம் பண்பாட்டைச் சேர்ந்த கிறிஸ்தவ ஆலோசகர்" அவளுக்கு எந்த அளவுக்குப் பாதுகாப்பானவர்? அவள் மனதில் உள்ள காயமே அந்தப் பண்பாட்டுக்குள் பட்டதாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஒருத்தி தமிழே தெரியாத, சபை வாசலையே மிதித்திராத ஒரு ஆலோசகரிடம் நிம்மதியாகப் பேசுவதாகச் சொன்னால், நான் ஆச்சரியப்பட மாட்டேன். எனக்கும்கூட வட்டம் சிறிதாக இருப்பதில் சங்கடம் உண்டு. எங்கள் சேகரங்களுக்கெல்லாம் மேலே ஒரு பேராயரின் கீழ் உள்ள தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் 2003இல் திருநெல்வேலியிலிருந்து தனியாகப் பிரிந்தது. பிரிந்த பிறகும் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொண்டுதான் இருக்கின்றன. திருமண்டலத் தேர்தலில் அப்பா எந்த அணிக்கு வேலை செய்தார் என்பது தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால், நான் அப்பாவைப் பற்றி முழுதாகப் பேசியிருப்பேன் என்று தோன்றவில்லை.

ஆராய்ச்சிகள் இதைப் பற்றிச் சொல்வதும் யோசிக்க வைப்பதுதான். அமெரிக்காவில் ரெபெக்கா புராப்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு கொண்ட கிறிஸ்தவர்களுக்கு அவர்களுடைய விசுவாசத்தை உள்ளே சேர்த்துக்கொண்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) அளிக்கப்பட்டது. அது நன்றாகவே பயன் தந்தது. எதிர்பாராத விஷயம் என்னவென்றால், அந்தச் சமயம் சார்ந்த சிகிச்சையைச் சமயப் பற்று இல்லாத சிகிச்சையாளர்கள் கொடுத்தபோதுதான் பலன் மிகுதியாகத் தெரிந்தது. இனப் பொருத்தம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் கப்ராலும் ஸ்மித்தும் எழுதிய கட்டுரையும் ஏறக்குறைய இதே பக்கம்தான் கை காட்டுகிறது: தம் இனத்தவரே சிகிச்சையாளராக வேண்டும் என்று மக்கள் விரும்புகிறார்கள், அப்படிப்பட்டவரைச் சற்றுக் கூடுதலாக மதிக்கவும் செய்கிறார்கள், ஆனால் குணமாவதில் அதனால் வித்தியாசம் ஏதும் இல்லை என்றே சொல்லிவிடலாம். இவை அமெரிக்க ஆய்வுகள். சேகரமும் சாதியும் அவற்றின் கணக்கில் வரவில்லை. இருந்தாலும் இவற்றைப் படித்த பிறகு என் தேடலின் நிபந்தனை மாறியது. என் விசுவாசத்தைக் கையாளத் தெரிந்தவர் வேண்டும். அதே விசுவாசம் அவரிடம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

கடைசியில் எனக்குக் கிடைத்தவர் மருத்துவ உளவியலாளர், பதிவெண் உள்ளவர், கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த கத்தோலிக்கர். பாதி ஒற்றுமை, பாதி வேற்றுமை. எங்கள் சேகர விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது, ஆனால் சாவு வீட்டில் வேதம் வாசிப்பது என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியவர் அல்ல. முதல் நாளே, "வேதத்தைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் இங்கே பேசுவது உங்களுக்கு உதவியாக இருக்குமா, பாரமாக இருக்குமா? எப்போது வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லலாம்" என்றார். அவராக ஒரு வசனமும் சொன்னதில்லை.

அடக்க ஆராதனையைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய பகுதியை எங்கள் சபைப் போதகரான ஐயர் வாசித்தார் என்றும், நான் அழவில்லை என்றும் சொன்னேன். அந்த வசனத்துக்கு அவர் விளக்கம் சொல்லத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "வாசிக்கும்போது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பெட்டியின் தலைமாட்டில், அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அழுதால் அம்மா விழுந்துவிடுவாள். போதாக்குறைக்கு, சபையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் மகள் நம்பிக்கையற்றவளாகத் தெரியக் கூடாது. இதை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆறுதல் வராமலேயே ஜெபித்தவர்கள் யாராவது உங்கள் வேதத்தில் உண்டா என்று அடுத்த வாரம் கேட்டார். எனக்கு நினைவுக்கு வந்தது 88ஆம் சங்கீதம். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு துதியிலோ நம்பிக்கையிலோ வந்து நிற்கும். இது ஆறுதலுக்கு வராமலேயே முடிந்துவிடும். அப்பா அதைக் குடும்ப ஜெபத்தில் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கு ஜெபம் திரும்பி வந்தது அந்தச் சங்கீதத்தின் வழியாகத்தான். இன்னும் எல்லா நாளும் வருவதில்லை.

தேடிக்கொண்டிருப்பவர்கள் முதல் தொலைபேசி அழைப்பிலேயே சிலவற்றைக் கேட்டுவிடலாம். என் சம்மதம் இல்லாமல் ஜெபம் செய்வீர்களா? மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவீர்களா? என் சபையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அதை என்னிடம் சொல்வீர்களா? நான் விசுவாசத்தைவிட்டே விலகிப் போவதாகச் சொன்னால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிற கிறிஸ்தவ ஆலோசகர் இன்னும் ஊழியத்தில்தான் இருக்கிறார், சிகிச்சைக்குள் வரவில்லை. ஆலோசகர் கிறிஸ்தவர் அல்லாதவராக இருந்தால், சமய நம்பிக்கை உள்ளவர்களோடு முன்பு வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டாலே, பதில் வரும் தொனியில் பாதி தெரிந்துவிடும். உள்ளூர் வட்டம் சிறிதாக இருக்கிறதென்றால் வேறு ஊரில் இருப்பவரிடம் காணொளி வழியாகப் பேசலாம்.

கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே ஆலோசகரின் மதத்தையோ ஊரையோ நாம் தேர்ந்தெடுக்க முடியாது, ஆனால் படித்தவர்கள் இருப்பார்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை இது, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை எங்கள் சேகர வாலிபர் கூட்டத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்; கமிட்டியில் வைத்துப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.