போர் வரும்போது எழுப்புங்க

சனி இரவு கூத்துப் பார்க்கவென்று கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு வருபவர் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு முடியும்?" விடிய முடியும். அதற்குமேல் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்கே தெரியாது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கியது மேடைக்காக. இங்கே கன்னங்குடாப் பக்கத்துக் களரிக்கு, அதாவது கூத்தாடும் களத்துக்கு, அந்தச் செய்தி வரவில்லை. இடையில் எழும்பிப் போகவும் வழியில்லை. வலையிறவுப் பாலம் தாண்டி டவுனுக்குச் சாமத்தில் ஏது பஸ்?

நோட்டீசில் ஒன்பது என்றால் கட்டியகாரன் பத்தரைக்கு வருவான். பிறகு ராசா. வரவுப் பாட்டு, தாளத்துக்கு ஆட்டம், களரியைச் சுற்றி இன்னொரு ஆட்டம். நடுவில் ஒலிபெருக்கி: "ராசாவுக்கு மாமாவின் அன்பளிப்பு ஆயிரம் ரூபாய்!" மாமாமார் நாலு பேர் என்றால் கதையில் வரும் யுத்தம் அரை மணி பின்னுக்குப் போகும்.

வட்டக்களரியில் முன்வரிசை கிடையாது. எங்கே பாய் விரித்தாலும் பாதி நேரம் ராசாவின் முதுகுதான். கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி. வடமோடி என்றால் விளிம்பை ஒட்டி இருக்கவே வேண்டாம். ராசாவின் கரப்புடுப்பு இடுப்பிலிருந்து குடைபோல விரிந்து நிற்கும். அவர் சுழல, ஓரம் உங்கள் மூக்கைத் தட்டும். அதோடு அவராலும் குந்த முடியாது, பாவம், நின்றபடிதான் பிளேன்டி. தென்மோடியில் இந்தப் பாரமில்லை, மூக்குக்கும் பாதுகாப்பு.

போர்வையும் நுளம்புத்திரியும் கட்டாயம். செருப்பைப் பையில் போட்டுத் தலைக்கு வையுங்கள். விடியற்காலை இருட்டில் எல்லா ரப்பர் செருப்பும் ஒரே நிறம்.

சாமம் திரும்பப் பனி இறங்கும். மத்தளத் தோல் ஈரத்தில் தளர்ந்து 'திம்' என்றது 'தொம்' என்று விழும். வாரை இழுத்து இறுக்கும் அந்த இடைவெளியில்தான் தேத்தண்ணிக் கடைக்கு ஓட வேண்டும். பாட்டு நடக்கும்போது போனால் திரும்பி வர உங்கள் பாயில் மூன்று பிள்ளைகள் படுத்திருக்கும்.

நித்திரைக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை தோது. தூதும் தர்க்கமும் அப்போதுதான் இழுபடும். வெடிச்சத்தத்துக்கு முழிப்பு வரும் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு வரவுக்கும் வெடி கொளுத்துவதால் ஐந்தாவதிலேயே காது பழகிவிடும். பக்கத்துப் பாய் ஆச்சியிடம் சொல்லி வைப்பதுதான் ஊர் வழக்கம்: "ஆச்சி, போர் வந்தா எழுப்புங்க."

ஆச்சி மறக்காமல் எழுப்புவா.

"எழும்பு மனே, மங்களம் பாடுறாங்க."